வாய் திறக்காத வகுப்பு

"ஏழு எட்டு எவ்வளவு?" என்று ரைன்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

இருபத்துநான்கு பிள்ளைகள். ஒரு வாயும் திறக்கவில்லை.

கடைசி வரிசையில், எட்டு வயதுப் பிள்ளைக்கான நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்த ஆய்வாளர் திருமதி ஹூக்ஸ்ட்ரா ஏதோ எழுதிக்கொண்டார். பாட முடிவில் அவர் கையெழுத்துப் போட்டால் ரைன்டர் நிரந்தர ஆசிரியர். போடாவிட்டால், தான் விற்ற கிளினிக்கிலேயே போய் வேலை கேட்க வேண்டியதுதான்.

ஸ்நேக் என்கிற அந்த ஊரில் இருபத்தாறு வருடம் பல் வைத்தியராக இருந்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் வகுப்பறைக்கு வந்தவர் அவர். "உனக்கென்ன பைத்தியமா?" என்று தம்பி கேட்டான்.

"இத்தனை வருஷமா நான் மட்டும்தான் பேசறேன். எதிர்ல இருக்கறவங்க வாயில பஞ்சு. எனக்கும் யாராவது பதில் சொல்லணும்டா" என்றார் ரைன்டர்.

இந்த வகுப்பில் பாதிப் பேருக்குச் சொத்தைப் பல்லை அடைத்தவர் அவர்தான். இதுவரை அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. நேற்றுகூட ஃபெம்கே, "சார், உங்க ஸ்வெட்டர் எங்க நாய் படுக்கிற கம்பளி மாதிரியே இருக்கு" என்று அன்போடு சொன்னாள். இன்றைக்கு என்ன வந்தது?

குனிந்து பார்த்தார். சட்டை! நல்லபடியாகத் தெரிய வேண்டுமென்று இஸ்திரி போட்டு அணிந்து வந்த வெள்ளைச் சட்டை. கிளினிக்கில் போடும் அதே வெள்ளை.

ஓடிப்போய் ஆணியில் தொங்கிய பழைய ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார். அவசரத்தில் தலை அதன் கைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கி வெளியே வந்தபோது முடி நட்டுக்கொண்டு நின்றது. பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சிரிப்புகூட வெளியே வரவில்லை.

"பயப்படாதீங்க, கண்ணுங்களா" என்றார். "நான் இப்ப பல் டாக்டர் இல்ல. தாராளமா வாயைத் திறக்கலாம்."

சொன்ன பிறகுதான் குரல் அவருக்கே கேட்டது. இருபத்தாறு வருடம் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசிய அதே குரல்.

இருபத்துநான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

திருமதி ஹூக்ஸ்ட்ரா தாளைத் திருப்பி மறுபக்கம் எழுதத் தொடங்கினார்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் மேயரே தப்பாகச் சொன்னாலும் நிறுத்தித் திருத்துவார்கள். ரைன்டர் பலகையில் பெரிதாக, 7 × 8 = 54 என்று எழுதினார்.

"சரிதானே?"

வகுப்பு முழுவதும் ஒரு முனகல். ஃபெம்கேயின் கண்ணில் தண்ணீர். முதல் வரிசையில் டூவெ மேஜைக்கு அடியில் ஆறு விரலை நீட்டினான். பக்கத்துப் பெண் அதைப் பிடித்து மடக்கினாள். "வேண்டாம்டா! பாத்துட்டா என்ன ஆகும்?"

விரலைக் காட்டக்கூடப் பயப்படும் அளவுக்கா நான் பூதம் என்று ரைன்டருக்கு மனசு விட்டுப்போனது. எழுதுகோலை ஃபெம்கேயிடம் நீட்டினார். "பேச வேண்டாம்மா. வந்து எழுதிட்டுப் போ."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மாட்டேனென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மணி அடித்தது.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று திருமதி ஹூக்ஸ்ட்ரா பேனாவை மூடினார்.

"முழுசா முடிஞ்சுதா?" என்றாள் ஃபெம்கே. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை.

"முழுசா."

"ஐம்பத்தாறு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். "சார், அந்த நாலு தப்பு! அதை அழிங்க முதல்ல!" "ஏழு ஏழு நாப்பத்தொம்போது, கூட ஒரு ஏழு!" "தலையைச் சீவுங்க சார்!" ரைன்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இருபத்துநான்கு பதில்கள் ஒரே நேரத்தில் கிடைத்துக்கொண்டிருந்தன.

"இதை முன்னாடியே சொன்னா என்னவாம்?" என்றார் திருமதி ஹூக்ஸ்ட்ரா, இரைச்சலுக்கு மேல். "தொண்டை வத்தக் கேட்டாரே உங்க சார்!"

ஃபெம்கே அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பரீட்சை சாருக்குத்தானே? பரீட்சையில விடை சொல்லிக் கொடுத்தா ரெண்டு பேருக்கும் முட்டைன்னு எங்களுக்குச் சொன்னதே அவர்தான்!"