செலஸ்ட் இன்னும் கையெழுத்துப் போடவில்லை

மெர்ல் திபோடோ அடுப்பில் மீன் சூப் வைத்தார். கால் மணி நேரத்தில் வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த தீயணைப்பு வீரர் ரோலண்ட், பள்ளி நாள் முதல் அவருக்குப் பழக்கம். சன்னல்களைத் திறந்துவிட்டு, கருகிய பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"மெர்லு, நீ சூப்பு வெச்சியா, இல்ல படகைக் கொளுத்தினியா?"

மெர்ல் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். தனியாக வாழத் தனக்குத் தெரியும் என்று மகளுக்குக் காட்டத்தான் இந்த முயற்சி.

மகள் செலஸ்டுக்குப் பதினேழு வயது. அம்மா இறந்த பிறகு, பதின்மூன்று வயதிலிருந்து வீட்டை நடத்துபவள். அப்பா படகு எஞ்சின் கழற்றும்போது ஒரு கையில் விளக்கும் மறு கையில் கணக்குப் புத்தகமுமாக நின்றே வகுப்பில் முதலாவதாக வந்தவள். மினசோட்டாவில் ஒரு கல்லூரியின்மேல் அவளுக்கு ஆசை. நவம்பர் முதல் தேதிக்குள் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால் முன்கூட்டியே பரிசீலிப்பார்கள். ஆனால் இடம் கிடைத்தால் அங்கேதான் சேர்ந்தாக வேண்டும். வேறு கல்லூரிப் பேச்சே கிடையாது.

"கட்டுப்பட்டுட்டா மாத்த முடியாதேப்பா. யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள் செலஸ்ட்.

மினசோட்டா எங்கே, அவர்கள் வாழும் மெய்ன் கடற்கரை எங்கே! தன்னை நினைத்துத்தான் தயங்குகிறாள் என்று மெர்லுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்து துணி துவைத்தார். செலஸ்ட் இசைக்குழுவுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, அவருடைய சிவப்புச் சட்டையோடு சேர்ந்து ரோஜா நிறமானது. அவள் அதையே போட்டுக்கொண்டு மேடையேறினாள்.

பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமே என்று ஊரில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் நடனத்துக்குப் போனார். முதல் வாரமே கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. இரண்டு வாரம் செலஸ்ட்தான் அவரை வேலைக்குக் காரில் கொண்டுபோய் விட்டாள். நொண்டும் அப்பாவை விட்டு எந்தப் பெண் கிளம்புவாள்?

ஆனாலும் அவர் விடவில்லை. அக்டோபர் கடைசியில் சூப் கருகாமல் வந்தது. வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. நடனக்காரர்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். செலஸ்ட் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில், பள்ளியில் கல்லூரி ஆலோசனை சொல்லும் திருமதி வின்ஸ்லோவிடம் போய் உட்கார்ந்தார் மெர்ல்.

"நான் சமாளிச்சுக்குவேன்னு நீங்களாவது அவகிட்ட சொல்லுங்கம்மா. சமைக்கிறேன், துவைக்கிறேன், ஆடக்கூடப் போறேன். இவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணு என்னால நின்னுடக் கூடாது."

திருமதி வின்ஸ்லோ மேசை இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். செலஸ்டின் கையெழுத்து அதில் இருந்தது. தேதி, செப்டம்பர் முப்பது. பெற்றோர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"அவ அப்பவே போட்டுட்டா சார். 'நான் யோசிக்கிறேன்னு நெனைச்சாதான் அப்பா எல்லாம் கத்துக்குவாரு, அவரா உங்களைத் தேடி வர்ற வரைக்கும் இதை வெளிய எடுக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனா."