ஒப்புக்கொள்ள முந்தியவர்கள்

"யாரோ ஒருத்தர் எதையோ மாத்தியிருக்கீங்க. யாருன்னு இப்பவே சொல்லிடுங்க."

சபாத்தீனோ இப்படிக் கேட்டபோது தொலைக்காட்சியில் நார்வேக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மைதானத்தில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், ஒரு கோலில் தோல்வி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேப்பிள்ஸ் அணி ஐரோப்பியக் கோப்பையில் காலிறுதி வரை வந்திருந்தது. அடுத்த புதன்கிழமை நார்வேயில் மறு ஆட்டம்; இரண்டு ஆட்டக் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. அதில் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மைதானம் பக்கத்திலேயே இருந்தும் சபாத்தீனோவும் அவருடைய மூன்று சிநேகிதர்களும் நுன்சியாவின் காபிக்கடை மூலை மேசையில்தான் ஆட்டம் பார்ப்பார்கள். ஒரே ஒரு முறை நேரில் போனார்கள். அன்று அணி தோற்றது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அதே மேசை, அதே நாற்காலி, அதே சாக்ஸ். சட்டைப்பையில் சிவப்புக் கொம்புத் தாயத்து. 'ஜெயிச்சிடுவோம்' என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் சுற்றியுள்ள எல்லாரும் அந்தக் கணமே இரும்பைத் தொட்டாக வேண்டும்.

சபாத்தீனோ நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். பஸ்ஸில் இருப்பவர்கள் அத்தனை பேரும் டிக்கெட் எடுக்காதவர்கள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் படியில் காலை வைப்பார். கர்ப்பிணி, கன்னியாஸ்திரி என்றெல்லாம் பேதம் பார்க்க மாட்டார். அந்தக் குணத்தைச் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டு வரவும் அவருக்குத் தெரியாது. மனைவி போன பிறகு அவருக்கு இந்த மேசையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அணி வெளியேறினால் புதன்கிழமைகள் போய்விடும். புதன்கிழமைகள் போனால் இந்த மூன்று பேரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். அவருடைய பயமெல்லாம் அதுதான்.

முதலில் மைத்துனன் மிம்மோவைப் பிடித்தார். மீன் கடைக்காரன்.

"மாப்ளே, எந்தச் சாக்ஸ் போட்டிருக்கே?"

"அதேதான் மச்சான். சந்தேகம்னா மோந்து பாரு."

"வேணாம். இங்கேயே தெரியுது."

அடுத்தது லெல்லோ. மாதா கோயிலில் மணியடிப்பவன்.

"நான் எதையும் மாத்தலண்ணே. மாத்துறதுக்கு என்கிட்ட வேற சட்டையே கிடையாது."

கடைசியாக எர்னெஸ்தோ. பல் டாக்டர். சபாத்தீனோ அன்றுதான் வாங்கிய புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டர், நீங்க காபியை வலது கையால எடுத்த மாதிரி இருந்துச்சே?"

"நான் எப்பவும் வலது கைதான் இன்ஸ்பெக்டர்."

"எப்பவும் வலது கைங்கிற ஆளு, அதை ஏன் இவ்வளவு அவசரமாச் சொல்லணும்?"

டாக்டர் சபாத்தீனோவின் முகத்தையும் அந்தக் கண்ணாடியையும் உற்றுப் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். சட்டென்று கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, நான்தான். காலைல ஒரு நோயாளிகிட்ட 'இன்னிக்கு நாம ஜெயிச்சாச்சு'ன்னு சொல்லிட்டேன்."

மேசையைச் சுற்றி எல்லாக் கைகளும் இரும்புக் காலைத் தேடிக் கீழே போயின.

"படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது?" என்று அலறினார் சபாத்தீனோ. "கோப்பை முடியிற வரைக்கும் நீங்க இந்த மேசைப் பக்கம் வரக் கூடாது!"

"நியாயம்தான்" என்றார் டாக்டர். இவ்வளவு பெரிய பாவத்தைச் செய்தவர் சீட்டியடித்தபடி தெருவில் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் லீக் ஆட்டம் வந்தது. நாலு பேர் உட்கார்ந்த மேசையில் மூன்று பேர் உட்கார்ந்தால் அதுவும் ஒரு மாற்றம்தானே? சபாத்தீனோ காலி நாற்காலியில் துடைப்பத்தை நிறுத்திப் பார்த்தார்.

"என் துடைப்பத்துக்கு வேற வேலை இருக்கு" என்று நுன்சியா வந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

அன்று காலை பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஒரு டச்சுக்காரர் அகப்பட்டிருந்தார். அபராதம் வேண்டாம், சாயங்காலம் வந்து ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும் என்று சபாத்தீனோ அவரிடம் பேரம் பேசி முடித்திருந்தார். சொன்னபடியே மனிதர் வந்தார். நல்ல மனிதர். அதுதான் வினை. ஆட்டம் தொடங்கப்போகும் நேரத்தில் காபிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"உங்க அணிக்கு என் வாழ்த்துகள்! இன்னிக்கு வெற்றி உங்களுக்குத்தான்!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே மேசைக்காலைப் பிடித்ததில் மேசையே சாய்ந்தது. கடைசி இடத்தில் கிடந்த அணி வந்து மூன்று கோல் போட்டுவிட்டுப் போனது.

"அந்த ஆளை யாரு கூட்டிட்டு வந்தது?" என்று கத்தினார் சபாத்தீனோ.

"நீதான் மச்சான்."

"கூட்டிட்டு வந்தது நான்தான். ஆனா அவனை அந்த பஸ்ஸுல ஏத்திவிட்டது யாரு? அதைக் கேளு!"

மிம்மோவும் லெல்லோவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அவர் காபிக்கு வந்தபோது லெல்லோ வாசலிலேயே காத்திருந்தான்.

"அண்ணே, நான்தான். நார்வே ஆட்டத்தன்னிக்குக் கோயில் படியில எண்ணெயைக் கொட்டிட்டேன். வாசல் பூரா எண்ணெய்."

சபாத்தீனோ வாயைத் திறப்பதற்குள் மீன் செதிலோடு மிம்மோ ஓடி வந்தான்.

"அவன் பொய் சொல்றான் மச்சான்! நான்தான். சாக்ஸைத் துவைச்சுட்டேன்!"

"அன்னிக்கு அவ்வளவு நாறுச்சேடா?"

"அது மீன் நாத்தம்."

"எண்ணெய் கொட்டுறதுதான்டா பெரிய அபசகுனம்!" என்று லெல்லோ எகிறினான். "உங்க அம்மாவையே கேட்டுப் பாரு."

"ஆகஸ்ட்லேருந்து தண்ணி படாத சாக்ஸ்டா அது! நீ கொட்டினது ஒரு கரண்டி எண்ணெய்."

"ஒரு குடம்!"

"அண்ணன்கிட்டயே புளுகுறியா?"

இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டார்கள். சபாத்தீனோ திகைத்து நின்றார். அவருடைய உத்தியோகத்தில் இன்றுவரை ஓர் ஆள்கூடக் கேட்பதற்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை. இங்கே இரண்டு பேர் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். அவருக்குள் இருந்த பரிசோதகர் விழித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட எதையோ மறைக்கிறீங்க."

லெல்லோ தரையைப் பார்த்தான். மிம்மோ ஒரு செதிலை எடுத்து எறிந்தான்.

"உன்கிட்ட மறைக்க முடியுமா மச்சான்? மனசு உறுத்துச்சு, வந்து சொல்லிட்டோம்."

மனசு உறுத்தல் என்றதும் சபாத்தீனோ உருகிவிட்டார். அந்த மாதிரிச் சரக்கை அவர் பஸ்ஸில் பார்த்ததே இல்லை. இருந்தாலும் சட்டம் சட்டம்தான். டாக்டருக்குக் கொடுத்த தண்டனையையே இருவருக்கும் கொடுத்தார். மிம்மோ அவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினான்.

"ரொம்ப நன்றி மச்சான்."

"எதுக்குடா நன்றி?"

"தண்டனைக்குத்தான்."

புதன்கிழமை வந்தது. சபாத்தீனோ அதே நாற்காலியில் தன்னந்தனியாக உட்கார்ந்தார். எதிரே மூன்று காலி நாற்காலிகள். மிம்மோவின் நாற்றம்கூட இல்லாத மேசை அவருக்குத் தாங்கவே முடியவில்லை. அழுகை வந்துவிடும்போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

நுன்சியா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அன்னிக்கு இந்த மேசையில வேற ஒண்ணுமே மாறலையா அண்ணே? நல்லா யோசிச்சுப் பாத்தீங்களா?"

"மூணு பேரையும் குடைஞ்சு எடுத்துட்டேன் நுன்சியா. மேசையில ஒருத்தரையும் விட்டு வைக்கல."

"அதுவும் சரிதான்" என்று அவள் காபி இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முதல் கோல் விழுந்தபோது கூரை அதிர்ந்தது. மாடியில் யாரோ தாம்தூம் என்று குதித்தார்கள்.

"மேல யாரு?"

"வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாங்கண்ணே."

"சுண்ணாம்பு அடிக்கிறவன் எதுக்குக் கோல்னு கத்துறான்?"

"அவனும் இந்த ஊர்க்காரன்தானே?"

இரண்டாவது கோலுக்குக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து அவருடைய காபியில் விழுந்தது. சபாத்தீனோ அதைக் கவனிக்கவே இல்லை. நடுவர் கடைசி விசிலை ஊதியதும் துள்ளி எழுந்து கட்டிப்பிடிக்கக் கையை விரித்தார். பிடிக்க ஆள் இல்லை. டாக்டரின் நாற்காலியைத் தூக்கிக் கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே நுன்சியாவிடம் வந்தார்.

"பாத்தியா? மூணு பேரையும் துரத்தினேன், ஜெயிச்சுட்டோம். மனசு கேக்கலதான். இருந்தாலும் ஜெயிச்ச வழக்கத்தை மாத்தக் கூடாது பாரு. அரையிறுதிக்கும் அவங்க இந்த மேசைப் பக்கம் வரக் கூடாதுன்னு நீயே பக்குவமாச் சொல்லிடு."

நுன்சியா அவருக்கு வேறு காபி ஊற்றினாள்.

"வர மாட்டாங்கண்ணே, கவலைப்படாதீங்க. உங்களைத் துரத்த மனசு வராமத்தானே ஆளுக்கொரு பொய்யை ஒத்துக்கிட்டு மூணு பேரும் மேல என் வீட்டுல உக்காந்திருக்காங்க."