முதலாளி ஏறிய பாலம்

எங்கள் கொங்குச் சீமையில் உபசாரத்துக்கென்று ஓர் ஒப்பந்தம் உண்டு. கூப்பிடுகிறவர் வற்புறுத்திக் கூப்பிட வேண்டும். வந்தவர் அதே வற்புறுத்தலோடு மறுக்க வேண்டும். "சாப்பிட்டுட்டுத்தான் போகோணுமுங்க" என்றால், "இப்பத்தானுங்க உண்டுபோட்டு வாரேன்" என்பதுதான் பதில். (அடுப்பில் உலையே வைக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.) இந்த ஒப்பந்தத்தை நம்பி ஒரு பெரிய மனிதரைக் கீழே தள்ளியவன் நான்.

அப்போது எனக்குக் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் கடைசி வருடம். மாணவர்களுக்குப் பாலம் கட்டும் போட்டி வைத்தார்கள். மூங்கில் சிம்பையும் வஜ்ஜிரப் பசையையும் வைத்து, முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்து, மூன்றடி நீளத்தில் ஒரு பாலம் செய்ய வேண்டும். அதை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே வைத்து எடைக்கற்களைத் தொங்கவிடுவார்கள். அதிகம் தாங்குகிற பாலத்துக்குக் கோப்பை. தலைமை விருந்தினர் ஒரு பம்ப்செட் கம்பெனி முதலாளி; ஜெயிக்கிறவனுக்கு வேலை போட்டுக் கொடுப்பார் என்று பேச்சு. கோப்பை யாருக்கு வேண்டும்? எனக்கு அந்த வேலைதான் வேண்டும். "வேலை கெடைச்சாப் போ கண்ணு. இல்லீன்னா வந்து பருத்திக்குத் தண்ணி கட்டு" என்று அன்னூரில் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். நான் தண்ணீர் கட்டினால் வாய்க்கால் உடையும். அது ஊருக்கே தெரியும்.

ஒரு மாதம் பசையோடு பசையாகக் கிடந்தேன். போட்டியன்று மற்றப் பாலங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. என் பாலம் மட்டும் கல்லூரியில் இருந்த அத்தனை எடைக்கற்களையும் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கற்களை இறக்கியதும் முதலாளி பெஞ்சருகே வந்தார். பட்டுக்கரை வேட்டி, ஆளும் நல்ல ஆகிருதி. "அட, கெட்டியாத்தான் இருக்குதுங்க தம்பி" என்றார்.

நான் சிரித்துவிட்டுச் சும்மா நின்றிருக்கலாம். பாழாய்ப்போன வாய்! "நீங்களே ஏறி நின்னாலும் தாங்குமுங்க ஐயா. ஏறிப் பாருங்க."

வெறும் உபசாரம்தான். "இருக்கட்டுமுங்க தம்பி" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அவரோ செருப்பைக் கழற்றினார்.

"வேண்டாமுங்க ஐயா!" என்று பதறினேன். அதைத்தான் அவர் உபசாரம் என்று எடுத்துக்கொண்டார்.

"அட, சும்மா இருங்க தம்பி, ஆசையாக் கூப்பிட்டீங்க" என்று பெஞ்சில் ஏறி, பாலத்தில் ஒரு காலை வைத்தார். தாங்கியது. (இன்றுவரை அந்த ஒரு கணத்தை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.) இரண்டாவது காலையும் வைத்தார்.

சோளத்தட்டு முறிகிற மாதிரி ஒரு சத்தம். முதலாளி இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். டிராயிங் வாத்தியார் ஓடி வந்து, "அடி பட்டுருச்சுங்களா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன்" என்று கீழே இருந்தபடியே மரியாதையாகப் பதில் வந்தது. அவரைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. உடைந்த பாலத்துக்கு எப்படிப் பரிசு கொடுப்பது என்று கோப்பையை இரண்டாவதாக வந்தவனிடம் கொடுத்துவிட்டார்கள். (அவன் பாலமும் உடைந்ததுதான். ஆனால் முறைப்படி உடைந்தது.)

நான் அழுதே விட்டேன். முதலாளி நொண்டிக்கொண்டே காருக்குப் போகும்போது என் முதுகில் தட்டி, "அழுவாதீங்க தம்பி. நாளைக்குக் கம்பெனிப் பக்கம் வாங்க, பாத்துக்கலாம்" என்றார்.

"டேய், அது உபசாரம்டா! போய் நின்னுபோடாதே" என்றான் அறைத்தோழன் பழனிச்சாமி. எனக்கும் தெரியும். ஆனால் பருத்திக்காடு கண்முன்னே வந்து நின்றது. மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கம்பெனியில் இருந்தேன்.

முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த முதலாளி என்னைப் பார்த்து விழித்தார். "ஏனுங்க தம்பி, மெய்யாலுமே வந்துபோட்டீங்களா?"

"நீங்கதானுங்களே வரச் சொன்னீங்க."

முதலாளி தன் முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நீங்க ஏறச் சொன்னீங்க, நான் ஏறிப்போட்டேன். நான் வரச் சொன்னேன், நீங்க வந்துபோட்டீங்க. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. போயி வேலையப் பாருங்க."

முப்பது வருடம் அங்கேதான் வேலை பார்த்தேன். அந்த முப்பது வருடத்தில் நான் இழுத்துப் போட்ட நாற்காலியில்கூட அவர் ஒருமுறை அமுக்கிப் பார்க்காமல் உட்கார்ந்ததில்லை.

இப்போதும் வீட்டுக்கு வந்தவர்களிடம் நான், "இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகோணுமுங்க" என்று மல்லுக்கட்டினால் போதும். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் கணீரென்று வரும்:

"ஏனுங்க, மெய்யாலுமே கூப்படறீங்களா, பாலத்துக்குக் கூப்பிட்டாப்பலயா? நான் ஒலை வெக்கோணுமில்லீங்க!"