கொழுப்புத் திசு: திருத்தப்பட்ட வடிவம்

பொதுமக்களின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பொதுமக்களிடம் சொல்வதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்பது வட்டார அலுவலகத்தின் விதி. நல்ல விதிதான். ஆளாளுக்கு எதையாவது சொல்லிவைத்து, அதை உடம்பும் கேட்டுவிட்டால் என்ன ஆவது?

ஆகவே மும்பை தாராவியின் சுகாதாரத் தொண்டர் உமாமகேஸ்வரி, ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை நோய் முகாமில் தான் பேசவேண்டிய தமிழ் உரையோடு அலுவலகப் படி ஏறினாள். உரைக்கு முத்திரை விழுந்தால்தான் முகாம். முகாம் நடந்தால்தான் இலவச மாத்திரை. அந்த மாத்திரைக்குத்தான் அவள் தங்கை பூமாரி காத்துக் கிடந்தாள். இட்லிக் கொப்பரை முன்னால் நின்று நின்றே கனத்துப்போன உடம்பு. கால்விரலில் ஆறாத புண்.

"யக்கா, அந்தம்மா என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டு வந்துரு. சங்கத்துல கோஷம் போடுத வாய அங்கன தொறக்காத" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

உரைகளைப் பரிசீலிக்கும் அலுவலர் ராஜலக்ஷ்மி மேடம், தாராவியை அடுத்த வசதியான மாட்டுங்காக்காரர். மேசையில் மஞ்சள் கலந்த வெந்நீர் இருந்தது. அழற்சிக்கு நல்லது என்று அந்த மாதம் அலுவலகம் முழுக்க அதுதான் மோஸ்தர். துணைக்கு இரண்டு சமோசா.

"நீங்களே வாசிங்கோ. தமிழ் எழுத்து எனக்கு அவ்வளவா வராது" என்றார் தமிழ் உரைகளின் அலுவலர்.

உமா வாசித்தாள். "நம் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் செல்கள் உண்டு. அடைக்க அடைக்க அவை வீங்கும். நெருக்கத்தில் காற்றுக் கிடைக்காமல் திணறும்..."

"நிறுத்துங்கோ. எங்கே நெருக்கம்?"

"செல்லுல, மேடம்."

"கேக்கறவா செல்லையா நெனைப்பா? இந்த வார்டுல நெருக்கமே இல்லேன்னு போன மாசம்தான் ரிப்போர்ட் போட்டோம். 'செல்கள் அண்டை அயலாரோடு நெருங்கிப் பழகுகின்றன'ன்னு மாத்துங்கோ. மேலே?"

"திணறும் செல்கள் சில புரதங்களை அனுப்பும். அவை அபாயக் குரல் மாதிரி. குரல் கேட்டு நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வரும். வந்தவை திரும்பிப் போகாது. அங்கேயே டேரா போட்டு, தாங்களும் அதே புரதங்களை அள்ளிவிடும். காய்ச்சல் இருக்காது, ஆனால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். இதுதான் அழற்சி."

மேடம் சமோசாவைக் கீழே வைத்தார். "அனுமதி இல்லாம கூச்சல், கூட்டம், கனல்... இதை எழுதிக் குடுத்த டாக்டர் எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல மேடம், உடம்பு."

"இன்னும் என்ன இருக்கு?"

"அழற்சி நீடித்தால், இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் செல் திறக்காது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி நிற்கும்."

"தட்டினா கதவைத் திறக்காதவான்னு எங்களைத்தானே சொல்றேள்?"

உமாவின் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. பூமாரியின் விரல் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

முத்திரை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் அவள் திருத்தப்பட்ட வடிவத்தை வாசித்தாள்:

"கொழுப்புச் செல்கள் அண்டை அயலாரோடு நெருங்கிப் பழகுகின்றன. அவை இதுவரை புகார் எதுவும் அளிக்கவில்லை. இன்சுலின் சென்ற இடமெல்லாம் வரவேற்கப்படுகிறது."

உரை சின்னதாக இருந்ததால் கைதட்டல் பலமாக இருந்தது. பூமாரியும் தட்டினாள். நர்ஸ் மாத்திரைப் பெட்டியில் கை வைத்தபோது, மருந்துப் பொறுப்பாளர் நிகில், உரையின் இந்தி நகலோடு குறுக்கே வந்தார்.

"ருக்கோ, நில்லு! இன்சுலின் சரியா போகுதுன்னு ஆபீஸே எழுதியிருக்கு. அப்புறம் சர்க்கரை எங்கே? பீமாரியே, நோவே இல்லே, கோலி மாத்திரை எதுக்கு?"

"அது மேடம் போட்ட திருத்தம் சாப்! இந்தா, தங்கச்சி நிக்கா. அவ ரத்தத்த எடுத்துப் பாருங்க!" என்று உமா கத்தினாள்.

"ரத்தம் இன்னும் அப்ரூவ் ஆகலே, தாயி."

பெட்டிகள் வேனுக்குத் திரும்பின. வந்தவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாதே என்று 'நலமான வார்டு' என எழுதிய டீ-ஷர்ட் கொடுத்தார்கள். பதிவேட்டின்படி வார்டில் பருமனானவர்கள் இல்லாததால் எல்லாம் சின்ன அளவு. பூமாரிக்குக் கழுத்து வரைதான் இறங்கியது. சனங்கள் மாத்திரையை மறந்துவிட்டு டீ-ஷர்ட்டுக்கு அடித்துக்கொண்டார்கள்.

மேடம் நடுவில் வந்து நின்றார். போட்டோகிராபர் கையை உயர்த்தினார். "எல்லாரும் மூச்சப் பிடிச்சு வயித்த எக்குங்க!"

"யக்கா, ஒனக்குத்தாம் வயிறு தள்ளிக்கிட்டு நிக்கு" என்றாள் பூமாரி.

மழைக்காலம் முடிவதற்குள் பூமாரியின் கால்விரலை எடுத்துவிட்டார்கள். மிச்ச விரல்களுக்காவது மாத்திரை வேண்டும் என்று கேட்டுப் பழைய கோபத்தோடு உமா அலுவலகப் படி ஏறினாள். மேடம் சுவரில் மாட்டியிருந்த முகாம் படத்தைக் காட்டினார்.

"நீங்களே பாருங்கோ. இதுல யாருக்கு உடம்பு கனம்?"

உமா பார்த்தாள். கூட்டத்தில் ஒருவருக்கும் வயிறு இல்லை. முகம் சிவக்க மூச்சைப் பிடித்து, எல்லாரையும்விட நன்றாக எக்கிக்கொண்டு நின்றவள் அவளேதான்.