குரல் கொடுக்கும் கௌதமன்

பிறருக்காகப் பேசுவோர் என்றொரு இனம் உண்டு. கருணை நிறைந்த இனம், கடிக்காது. பக்கத்தில் இருப்பவரை வாய் திறக்க விடாது, அவ்வளவுதான்.

திருத்தணியில் இதன் சிறந்த மாதிரி கௌதமன். குடும்பத்தில் முதல் பட்டதாரி, சமூகப்பணி படித்தவன், வீடுகளுக்குப் பராமரிப்புப் பணியாளர்களை அனுப்பும் ஓர் அறக்கட்டளையில் வேலை. பேருந்தில் ஒரு பெரியவரைக் கண்டால், "ஐயாவுக்கு சன்னல் ஓரம்தான் பிடிக்கும்" என்று அவர் சார்பில் வாதாடி, அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவரை உள்ளே தள்ளி உட்காரவைத்து, அவர் திருப்பதி போய்ச் சேர்ந்தாலும் மனம் நிறைந்திருப்பான்.

அன்று அறக்கட்டளையில் குறைகேட்புக் கூட்டம். குல்ஜார் பேகத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மகள் தஹ்சீன் வேலைக்காகத் தினமும் விடியலில் சென்னை ரயிலைப் பிடித்தாக வேண்டும். பணியாளரோ மதியம்தான் வருகிறார். காலை நேரமெல்லாம் செல்வாக்குள்ள வீடுகளுக்குப் போய்விட்டது. இப்படியே நீடித்தால் தஹ்சீன் வேலையை விட வேண்டியதுதான்.

நிர்வாகி வள்ளிநாயகி கேட்டார்: "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"காலையில ஒரு ஆளு..."

"கண்ணியம்!" கௌதமன் மைக்கைப் பிடித்தான். "அவங்க கேக்கறது கண்ணியம், மேடம்!"

கைதட்டல். அதைக் கேட்ட பிறகு நிறுத்துவானா? ஒடுக்கப்பட்டோர், விளிம்புநிலை, கட்டமைப்பு, காலங்காலமாக என்று மூச்சிரைக்க மேலே மேலே ஏறினான். வள்ளிநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மாவுக்குக் கண்ணியமா ஒரு பொன்னாடை போத்துங்க. அடுத்தவங்க யாரு?"

தோளில் விழுந்த பொன்னாடையோடு குல்ஜார் பேகம் மைக் வயரைப் பிடித்து இழுத்தார். மைக் வந்தது, கூடவே கௌதமனும் வந்தான்.

"எனக்குக் காலுதான் வராது தம்பி. பேச்சு வரும். இந்தப் பொன்னாடைய நீ போத்திகினு கம்முனு குந்து." அதை அவன்மேல் போட்டுவிட்டு நிர்வாகியிடம் திரும்பினார். "காலையில ஆள் அனுப்புங்க மேடம், எம் பொண்ணு ரயிலுக்குப் போவணும். எந்த வூட்ல பாத்துக்க நாலு பேர் இருக்காங்களோ, அங்க மதியம் போவட்டும்."

"அவ்ளோதானாம்மா?"

"ஆங், அவ்ளோதான்."

"நாளையிலேருந்து காலையிலயே வருவாங்க."

பொன்னாடைக்குள் கௌதமனுக்கு வேர்த்தது. படித்த படிப்பில், பிறர் சொல்வதைக் கேட்பது ஒரு பாடமாகவே இல்லையா? இருந்தது. அதில் அவன்தான் முதல் மதிப்பெண்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன முறை ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் அப்பாவைப் பார்த்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டாரே, பதில் சொன்னது யார்?