ஹோம்பேஜ் அண்ணாச்சி உடைத்த தேங்காய்கள்

பிள்ளைகளே, திருவனந்தபுரத்தில் இன்டர்நெட்டுக்குத் தேங்காய் உடைத்த ஒரே மனிதர் எங்கள் ஹோம்பேஜ் அண்ணாச்சிதான்.

பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் அவர் கம்ப்யூட்டரில் பில் போடுவார். நான் குடம் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே லாட்ஜ் அறை. பிரவுசரைத் திறந்ததும் வரும் முதல் பக்கத்தை நம் இஷ்டப்படி கட்டம் கட்டமாக அடுக்கிக்கொள்ளும் வசதி அப்போதுதான் வந்திருந்தது. அண்ணாச்சிக்கு அது சோறு மாதிரி. ஒரு கட்டத்தில் ராசிபலன், ஒன்றில் தங்கம் விலை, ஒன்றில் அன்றைய வேலைகள். புதிதாக எந்த சைட்டில் சேர்ந்தாலும் நேரே பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைப்பார்.

"எந்தா அண்ணாச்சி, இன்னைக்கும் புதிய சைட்டோ?" என்பார் தேங்காய் விற்கிற சேட்டன்.

"இது காலண்டர் சேட்டா. நல்ல முத்தினதா எடுத்துத் தாங்க."

வானிலைக் கட்டத்தில் நம் ஊர் பெயர் இல்லை. படம் அழகாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு பனி ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மறுநாள் கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டரோடு கடைக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"பேஜ்ல பனி பெய்யுதுடே. பாத்துட்டு எப்படிச் சும்மா வர?"

இப்படிப்பட்டவருக்கு நாகர்கோவிலில் ஒரு பெண் பார்த்தார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சிக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இதுவும் தவறினால் இனிப் பெண் தேட மாட்டேன் என்று அவர் அம்மா போனில் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் டீ குடிக்கப் போனால், பக்கத்து பிரவுசிங் சென்டரில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் அண்ணாச்சி!

"அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போகலையா?"

"இன்னைக்கு வேலை ஒண்ணும் இல்லைன்னு பேஜ் சொல்லுதேடே."

"பொண்ணு பாக்கப் போணும்னு நீங்கதானே அதுல எழுதி வச்சீங்க?"

அண்ணாச்சி யோசித்தார். முகம் வெளுத்தது. "நல்ல காரியத்துக்குப் போகும்போது பாக்கி எதுவும் நிக்கப்படாதுன்னு, நேத்து சாயங்காலமே எல்லாத்துக்கும் முடிஞ்சாச்சுன்னு டிக் போட்டுட்டேன். அதுல இதும் போயிட்டு."

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். பஸ் பிடித்து நாகர்கோவில் போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. பெண்ணின் அப்பா வாசலிலேயே நின்றார். "கேசரி கல்லாப் போச்சு. ஏன் லேட்டு?"

நான் பஸ் ரிப்பேர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி ஸ்வெட்டரிலிருந்து டிக் வரைக்கும் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்துகொண்டே போனது. உள்ளே கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னையப் பாக்காமலே பாத்தாச்சுன்னு போட்டுட்டீங்களா?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. போட்டுட்டேன்."

உள்ளே ஒரே சிரிப்பு. அது அடங்கியதும் அதே குரல், "அப்பா, கேசரியை நான் சூடாக்குதேன். உக்காரச் சொல்லுங்க" என்றது.

கல்யாணத்துக்கு முதல் நாள் நானே போய் அவர் பேஜைத் திறந்து பார்த்தேன். கல்யாணம் என்று எழுதியதில் டிக் போடாமல்தான் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் நாகர்கோவிலோடு போய்விட்டார். நான் இன்றும் அந்தக் கோவில் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அவரை நினைத்துக்கொள்ள எனக்கு எந்தக் கட்டமும் வேண்டியதில்லை. யாராவது ஒரு தேங்காய் உடைத்தால் போதும்.