கரிமி அம்மா போனில் ஓடுமா?

“கேட்டியாடா?”

“இல்லக்கா. முதல்ல வேலை முடியட்டும்.”

“வேலை எப்ப முடியும்?”

“ரெண்டு நாள்தான். எந்த மொழியில ஆப் எழுதறதுன்னு முடிவு பண்ணி அறிக்கை குடுக்கணும். குடுத்த கையோட கேட்டுடறேன்.”

“கேக்காம வீட்டுப் பக்கம் வந்திடாதே” என்று சொல்லி முவெண்டே போனை வைத்துவிட்டாள்.

அக்காவுடன் பேசிய அந்தப் பேச்சு முசெம்பிக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. பேசி மூன்று வாரம் ஆகிவிட்டது. ரெண்டு நாள் வேலை இன்னும் முடியவில்லை.

கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. ஒரு சனிக்கிழமை தன்னோடு சொந்த ஊரான மச்சாகோஸுக்கு வந்து அம்மாவைப் பார்ப்பாயா என்று ஜெருடோவைக் கேட்க வேண்டும். நைரோபியில் ஒரு பெண்ணோடு நூறு டீ குடிக்கலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப் போனால் மட்டும் அம்மா அன்றைக்கே கல்யாணம் பேச மாமன்மாருக்குச் சொல்லியனுப்பிவிடுவாள். அதனால்தான் நாக்கு எழவில்லை.

ஜெருடோ இந்த ஒரு வேலைக்காக எல்டோரெட் கிளையிலிருந்து வந்தவள். அறிக்கை போனதும் அவளும் போய்விடுவாள். கையில் ஒரு நல்ல முடிவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று கேட்டால்தான் மதிப்பாள் என்று முசெம்பி நம்பினான்.

பொமெட் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கான செயலி அது. விவசாயிகளின் பழைய போன், தலைவர் மகனின் ஐபோன், சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடுகிற மொழி வேண்டும். முசெம்பி டார்ட் என்றான். ஜெருடோ காட்லின் என்றாள். ஜாவாஸ்கிரிப்ட்தான் ஊரெல்லாம் தெரிந்தது என்றார்கள் மற்றவர்கள்.

முதலாளி மொரா மேடம் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். “கீழ டீ விக்கிற கரிமி அம்மா போன்ல எது ஓடுதோ, அது கென்யா பூரா ஓடும்.”

அந்தப் போனுக்கு வயது ஏழு. கண்ணாடியில் மூன்று விரிசல். ஆனால் கென்யாவில் பணம் போடுவது, எடுப்பது எல்லாம் போன் வழிதான்; அவளுடைய பர்ஸ், பெட்டி, சபைக் காணிக்கை எல்லாம் அதற்குள்ளேதான். அதை அடுத்தவர் கையில் கொடுப்பது மடியை அவிழ்த்துக் காட்டுவதற்குச் சமம். ஆண்பிள்ளை கையில் என்றால் பேச்சே இல்லை. ஜெருடோவிடம் மட்டும், செயலியை ஏற்றும் நேரத்துக்குக் கொடுப்பாள். பிறகு வாங்கி, மார்போடு அணைத்து, தானே அமுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள்.

முதலில் டார்ட்.

“திரை வெள்ளையா நிக்குது தம்பி. உகாலிக் களிக்குச் சோள மாவு கொட்டின மாதிரி.”

பழைய போனில் டார்ட் எழுந்து உட்காரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். செயலியிலிருந்த படங்களையெல்லாம் உருவி எறிந்தான் முசெம்பி. எறிந்த வேகத்தில் கம்ப்யூட்டரில் பாதித் திரை காணாமல் போனது. அதைச் சரிசெய்ய நான்கு நாள். சரிசெய்துகொண்டு கீழே வந்தால், “இன்னும் வெள்ளைதான்.”

ஜெருடோ முக்காலியில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தாள். “நான்தான் சொன்னேனே.”

அடுத்து ஜாவாஸ்கிரிப்ட்.

“திறக்குது. ஆனா விரல வெச்சுத் தள்ளினா, நெரிசல்ல மாட்டின மட்டாட்டு வேன் மாதிரி நின்னு நின்னு போகுது.”

நீளமான பட்டியல் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் திணறும். டீ விற்கிற அம்மா, ஒவ்வொரு மொழிக்கும் எங்கே வலிக்குமோ அங்கேயே விரலை வைப்பது முசெம்பிக்கு வியப்பாக இருந்தது. பிறவி ஞானம் போலும் என்று நினைத்துக்கொண்டான். பட்டியலைத் துண்டு துண்டாக வெட்டினான். கரிமி அம்மா போனில் அப்போதும் நின்று நின்றுதான் போனது. மொரா மேடத்தின் ஐபோனில் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

மூன்றாவது வாரம் காட்லின். அந்தப் போனுக்கு அது சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரி. அங்கேயுமா ஓடாது?

“இடமில்லைன்னு சொல்லுது தம்பி.”

“பாத்தியா, என்னதும் தோத்துடுச்சு” என்றாள் ஜெருடோ சிரித்துக்கொண்டே. தன் மொழி தோற்றதை இப்படிச் சிரித்த முகத்தோடு ஒப்புக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று முசெம்பி உருகிப்போனான்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போய் அதே மாதிரி ஒரு பழைய போனைத் தேடி வாங்கி வந்தான். அதில் மூன்றும் தண்ணீர் போல ஓடின. கொண்டுவந்து காட்டியபோது கரிமி அம்மா கெட்டிலை இறக்கியபடி கேட்டாள்: “உன் போன் வேற, என் போன் வேற. ரெட்டைப் பிள்ளைங்கள்லயே ஒண்ணு பால் குடிக்கும், இன்னொண்ணு துப்பும். தெரியாதா?”

தெரியாது. அறிக்கை நாற்பது பக்கத்தைத் தாண்டியிருந்தது.

வெள்ளி காலை மொரா மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். “உகாலியை எந்தத் துடுப்பால கிண்டறதுன்னு மூணு வாரமா ஆராயறீங்க. அங்க பொமெட்ல தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. மூணு மணிக்குள்ள எனக்கு ஒரு மொழி வேணும். இல்லேன்னா நானே சீட்டுப் போட்டு எடுப்பேன். ஜெருடோ, நாளைக்குக் காலையில எல்டோரெட் கிளம்பு.”

ஜெருடோ தலையாட்டினாள்.

இரண்டரை மணிக்குக் கடைசி முறையாக இறங்கினார்கள். மறுபடியும் டார்ட். இறகுபோல இளைத்திருந்தது. ஜெருடோ ஏற்றினாள். கரிமி அம்மா போனை வாங்கி, கண்ணைச் சுருக்கி, அமுக்கினாள். முதலில் ஜெருடோவைப் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“வெள்ளைதான் தம்பி.”

முசெம்பி மடிக்கணினியை மூடினான். பெஞ்சில் உட்கார்ந்தான். நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தவன், குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“நான் ஒரு முட்டாள் ஜெருடோ. இது இவங்க போன்ல ஓடின அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வெச்சிருந்தேன். அதுக்காகத்தான் மூணு வாரமா தூங்கல.”

டீயைக் கலக்கிக்கொண்டிருந்த ஜெருடோவின் கரண்டி நின்றது. “ஓடின அன்னைக்கா? ஓடினாத்தான் கேப்பியா?”

“ஆமா.”

“கடவுளே!” என்று நெற்றியில் கைவைத்தாள் ஜெருடோ. “ஓடலேன்னா கேக்கவே மாட்டியா?”

“இதையே ஓடவைக்கத் தெரியாதவன் எந்த மூஞ்சியோட கேப்பான்?”

“இருக்கிற மூஞ்சியோட கேளு. நாளைக்குப் பஸ் ஏறப்போறேன்.”

மட்டாட்டு ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. அது போய்த் தொலையும் வரை காத்திருந்தான்.

“எல்டோரெட் பஸ்ல ஏறாதே. மச்சாகோஸ் பஸ்ல ஏறு. என்கூட. எங்கம்மாவைப் பாக்க வா.”

ஜெருடோ பதில் சொல்வதற்குள் கரிமி அம்மா கெட்டிலை ‘டங்’கென்று கீழே வைத்தாள்.

“அப்பாடா! இவன் வாயத் திறக்கிற வரைக்கும் நீ சொல்லிக்குடுத்ததை ஒப்பிச்சு ஒப்பிச்சு என் நாக்கே தேஞ்சுபோச்சு பொண்ணே. தம்பி, நீ கொண்டாந்த மூணும் முதல் தடவையே திறந்துச்சு, மூணு வாரமா என் கடைக்கு வர்ற பாலை நான் அதுலதான் எழுதி வெச்சிட்டிருக்கேன்!”